பதினெட்டாம் நம்பர் சுண்டெலி

வெண்டல் ப்ரூயிட் நாற்பத்தோரு வருஷம் ரேடியோவில் வேலை பார்த்தவர். ஆனால் அவர் குரலை ரேடியோவில் கேட்டவர் ஒருத்தர்கூடக் கிடையாது. அப்படியும் ஒரு வேலையா என்றால், உண்டு. அமெரிக்கக் கால்பந்து வர்ணனை செய்கிறவர் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். இரண்டு அணி ஆட்டக்காரர்களின் பெயரும் நம்பரும் அதில் குத்தி வைத்திருக்கும். பக்கத்து நாற்காலிக்காரன் பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, பந்து யார் கையில் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயர்மேல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். வர்ணனைக்காரர் பலகையைப் பார்ப்பார், வாய் ஓடும். மைக் திறந்தே இருப்பதால் பக்கத்து நாற்காலிக்காரன் இருமக்கூட முடியாது.

வெண்டலுக்கு இந்த வேலை பொருந்திப்போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வார நாட்களில் ஆற்று மதகு அலுவலகத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து படகுகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தவர். கல்யாணம் கைகூடவில்லை. கூடவிருந்த அக்காவும் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. திங்கள் முதல் வியாழன் வரை, கடைக்காரியிடம் "நன்றி" என்பதைத் தவிர வாயைத் திறக்காத வாரங்கள் அவருக்கு நிறைய உண்டு. எழுபத்தோரு வயதில் தனியாக இருக்கிற மனுஷன் டி.வி.யோடு பேச ஆரம்பித்துவிடுவான் என்பார்கள். வெண்டல் அதுகூடச் செய்யவில்லை. கேட்டுக்கொண்டே இருந்து பழகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தால் நார்பர்ட் வருவான். சனிக்கிழமையும் வருவான், ஆட்டத்துக்குக் கூட்டிப்போக. குழாய் வேலைக் கடை வைத்திருக்கிற நார்பர்ட் ஹ்ருஸ்கா, ஒரு காலத்தில் கிளேபர்ன் கல்லூரி அணியில் பந்து பிடித்தவன். பனி பெய்தால் வெண்டலின் வாசலைக் கேட்காமலே தள்ளிவிட்டுப் போவான். அக்கா செத்தபோது சவப்பெட்டிக்கு முதல் கை கொடுத்தவன் அவன்தான். இந்த ஊரில் வெண்டலை "டேய்" என்று கூப்பிட மிச்சமிருந்த ஒரே வாய் அவனுடையது. இத்தனைக்கும் அவன் அவரைவிட ஐந்து வயது இளையவன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நார்பர்ட் வந்தபோது வெண்டல் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னடா, பொண்ணு பாக்கப் போற மாதிரி நிக்கிற? ஷூவெல்லாம் பளபளங்குது!" என்றான் நார்பர்ட்.

"லீலண்ட் வரானாமே" என்றார் வெண்டல்.

நார்பர்ட் கியரை மாற்றினான். பாலம் தாண்டின பிறகு, "குளிர் ஜாஸ்தியாயிடுச்சு இந்த வருஷம்" என்றான்.

நாற்பத்தைந்து வருஷமாக அவர்கள் இருவரும் அந்தப் பெயருக்குப் பிறகு பேசி வந்தது இதைத்தான். குளிர், மழை, இல்லாவிட்டால் லாரியின் டயர்.

*

கிளேபர்னில் இது ஒரு பழக்கம். பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரத்தின் வெள்ளிக்கிழமை காலையில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் எல்லாருக்கும் அப்பமும் மேப்பிள் பாகும் போடுவார்கள். உள்ளூர் ரேடியோ அங்கிருந்தே நேரடியாக ஒலிபரப்பும். பேச்சு எதில் ஆரம்பித்தாலும் ஒன்பது மணிக்குள் சுண்டெலிகளில் வந்து நிற்கும்.

இந்த ஊர்க் கால்பந்தில் பந்து காலில் படுவதே அபூர்வம், கைதான் எல்லாம். ஆறடிக்கு மேல் மலைமலையாக நிற்கிற ஆட்களுக்கு நடுவே, தோள் உயரம்கூட இல்லாத ஒரு பொடியன் புகுந்து புறப்பட்டு, தொலைவில் போய்ப் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அவன் சுண்டெலி. பதினைந்து இருபது வருஷத்துக்கு ஒருத்தன்தான் அப்படி வாய்ப்பான். எழுபதுகளில் லீலண்ட் டாகெட். தொண்ணூறுகளில் மார்லன் பிக்ஸ். இப்போது டெவின் ஒகாரோ, இன்னும் படித்துக்கொண்டிருக்கிற பையன். இவர்களில் யார் பெரியவன் என்று வருஷா வருஷம் சண்டை போட்டு, கடைசியில் கண்ணாடி ஜாடிகளில் ஆளுக்கொரு சோள முத்தைப் போட்டு ஓட்டெடுப்பார்கள். லீலண்டுக்கு எப்போதும் கடைசி இடம்தான்.

இந்த வருஷம் அது வெறும் விளையாட்டு இல்லை. மைதானத்துக்குப் புது வடக்கு வாசல் கட்டியிருந்தார்கள். ஜெயிக்கிற சுண்டெலியின் பெயர் அதில் கல்லில் ஏறும். அதனால் மூன்று பேரையும் வரவழைத்திருந்தார்கள். படிப்பு முடிந்த 1975க்குப் பிறகு லீலண்ட் இந்த ஊரில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை, அம்மாவின் அடக்கத்துக்கு வந்த ஒரு நாளைக் கழித்துவிட்டால்.

வெண்டல் உள்ளே போனதும் லீலண்டைக் கண்டுகொண்டார். மேடை என்று போட்டிருந்த நீளப் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த சின்ன உருவம். தலை முழுக்க நரை. மடியில் தொப்பி. கென்டக்கியில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாராம். அந்தக் கால்கள் மட்டும் பெஞ்சுக்கடியில் அமைதியாக இல்லை, குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

நார்பர்ட் வழக்கமான முன்மேஜையை விட்டுவிட்டுக் கடைசி மேஜைக்குப் போனான். பின்கதவுக்குப் பக்கத்தில். வெண்டலும் அதே மேஜையில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

*

ட்ரூடிதான் மைக்கைப் பிடித்திருந்தாள். முப்பது வயதுக்காரி, நல்ல கலகலப்பு. "சரி, ஆரம்பிக்கலாமா? எல்மர், நீங்க யாரு பக்கம்?"

கறிக்கடை எல்மர் வாயில் இருந்த அப்பத்தை விழுங்காமலே எழுந்தான். "மார்லன்! சந்தேகமே வேண்டாம். தொண்ணூத்தி மூணுல அவன் ஓடினப்போ எதிராளி பய ரெண்டு பேர் ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விழுந்தானுங்க. இவன் அவனுங்களைத் தாண்டி அந்தப் பக்கம் நின்னு சிரிச்சிட்டிருந்தான்!"

"அது செயற்கைப் புல்லுய்யா! அதுல எங்க பாட்டி ஓடினாலும் வழுக்கிட்டே போவா" என்று ஒரு குரல்.

"அப்ப டெவினைச் சொல்லு. கையில பசை மாதிரி ஒட்டுற கிளவுஸ் போட்டுக்கிட்டு ஆடுறான். பந்து அதுவா வந்து ஒட்டிக்குது. இவனுக்குப் பிடிக்கிற வேலையே இல்ல!"

டெவின் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "வெறுங்கைலயும் பிடிப்பேன் ஐயா. வேணும்னா உங்க தட்டைத் தூக்கிப் போடுங்க."

கூடம் சிரித்தது. பையன் நல்ல பையன்தான்.

"இப்பல்லாம் பந்து பிடிக்கிறவனைத் தொட்டாலே விசில் ஊதுறான்" என்றார் பழைய தபால்காரர் ஒருவர். "அந்தக் காலத்துல லீலண்டை அடிச்ச அடி இருக்கே, கோர்ட்டுல கேஸ் போடலாம். நூத்தி நாப்பத்தாறு பவுண்டு எடை. ஈர மண்ணு. கடன் வாங்கின ஷூ. அதுல ஓடினவன்யா அவன்! மூணு பேரையும் ஒரே தரையில ஒரே வயசுல நிறுத்தினா, மத்த ரெண்டு பேரும் அவன் முதுகைத்தான் பாத்துட்டு வருவாங்க."

வெண்டலுக்கு அந்தத் தபால்காரரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். எல்லாருக்குமே தெரியும்.

"காலு சரிதான்" என்றான் எல்மர். "கை?"

கூடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு. ட்ரூடி பெஞ்சைப் பார்த்துச் சங்கடப்பட்டாள். "மிஸ்டர் டாகெட், இது வருஷா வருஷம் நாங்க போடுற டேப். சும்மா தமாஷுக்கு. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"போடும்மா" என்றார் லீலண்ட். "வந்தாச்சு, கேட்டுட்டே போறேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள். பழைய வர்ணனைக்காரர் கிளீட்டஸ் மோரின் குரல் கூடத்தை நிறைத்தது. செத்துப் பதினாறு வருஷம் ஆன மனுஷன், இன்னும் கணீரென்று இருந்தான். 1974, நவம்பர், டன்மோர் ஊர் மைதானம், கடைசி நாற்பது விநாடி.

"... அட! யாரு வர்றது பாருங்க! கணுக்கால் பிசகிப் போன நம்ம சுண்டெலி திரும்ப மைதானத்துக்குள்ள வர்றான்! என்ன நெஞ்சுரம்யா இது! ... பந்து பறக்குது ... எல்லைக் கோட்டுக்குள்ள தனியா நிக்கிறான், பிடிச்சா ஜெயிச்சோம் ... பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல ..."

கூடமே எழுந்து நின்றது. சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் அடுத்த வரி மனப்பாடம். எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்: "நழுவ விட்டுருச்சு! சுண்டெலி நழுவ விட்டுருச்சு!"

கத்திவிட்டுச் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்கிற மாதிரிதான். "ஹீரோ ஆகணும்னு நொண்டிக்காலோட எதுக்குய்யா உள்ள வந்தே?" என்று எல்மர் பெஞ்சைப் பார்த்துக் கேட்டான். அதுவும் வருஷா வருஷம் கேட்பதுதான். கேட்கப்படுகிறவர் எதிரில் உட்கார்ந்திருப்பது மட்டும் புதுசு. லீலண்ட் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆனால் வெண்டலுக்கு அந்தச் சிரிப்பு எதுவும் காதில் விழவில்லை. அவர் எப்போதும் கேட்பது வேறொன்று. "யாரு வர்றது பாருங்க" என்பதற்கு ஒரு கணம் முன்னால், டேப்பில் இரண்டு சின்னச் சத்தம் இருக்கிறது. டொக், டொக். ஊரில் யாரும் அதைக் கவனித்ததில்லை. அது அவருடைய நகம். நாற்பத்தோரு வருஷத்தில் ரேடியோவில் வெண்டல் ப்ரூயிட் பேசியது அவ்வளவுதான், அதுவும் பொய்.

*

அன்றைக்கு நடந்தது இதுதான். அந்த நாளில் பந்து பிடிக்கிறவர்களுக்கு மெல்லிய துணியில் ஜெர்சி கொடுப்பார்கள். எதிராளி பிடித்து இழுத்தால் கிழிந்து அவன் கையோடு போய்விடும், ஆள் தப்பி ஓடுவான். ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து கிழியும். டன்மோரில் சேறும் மழையும் சேர்ந்து நார்பர்ட்டின் இருபத்துநாலாம் நம்பர் ஜெர்சி அத்தனையும் கிழிந்து தீர்ந்துவிட்டது. லீலண்டோ மூன்றாம் பகுதியிலேயே கணுக்கால் பிசகி, கோட்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் கிடந்தான். சாமான் பார்க்கிற ஆர்லோ யோசிக்கவேயில்லை. லீலண்டின் பதினெட்டாம் நம்பர் ஜெர்சியைக் கழற்றி நார்பர்ட்டின் தலைவழியே மாட்டி உள்ளே தள்ளிவிட்டான். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. மேலே கண்ணாடிக்குப் பின்னால், மழைத்தாரை வழியாக வெண்டலுக்குத் தெரிந்தது பதினெட்டு என்ற எண் மட்டும்தான். நடையைப் பார்த்திருக்க வேண்டும். பிசகின காலோடு எவன் அப்படி நேராக ஓடி வருவான்? பார்க்கவில்லை. தட்டிவிட்டார்.

ஊர் முழுக்க அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து கேட்டது கிளீட்டஸின் வாயை. பேப்பர்காரன் எழுதியதும் அதைக் கேட்டுத்தான். பிற்பாடு வந்த படச்சுருளிலும் பதினெட்டு என்றுதான் இருந்தது. அணியில் இருந்த பையன்களுக்குத் தெரியும். ஆனால் பயிற்சியாளர் பேருந்தில் ஏறியதுமே சொல்லிவிட்டார், தோற்றது அணி, எவன் பெயரையும் எவனும் வெளியே சொல்லக் கூடாது என்று. பையன்கள் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள். லீலண்டும் பிடித்துக்கொண்டான். நார்பர்ட்டுக்கு அது வசதியாகப் போயிற்று.

அன்று மாலை ஜெர்சிகளை மூட்டை கட்டும்போது ஆர்லோ சொல்லித்தான் வெண்டலுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை கிளீட்டஸிடம் போய், "திருத்திச் சொல்லிடலாமா?" என்று கேட்டார். கிளீட்டஸ் சிரித்தான். "இந்த ஊரோட குரல் நான். சனிக்கிழமை சொன்னதுக்கு திங்கக்கிழமை மன்னிப்பு கேக்குற குரலை எவன் நம்புவான்? என்ன, எவனாவது செத்தா போயிட்டான்? விடுப்பா." வெண்டல் விட்டுவிட்டார். அந்த நாற்காலி போய்விட்டால் சனிக்கிழமைகளில் போக்கிடம் ஏது அவருக்கு?

அந்தக் குளிர்காலத்தில்தான் நார்பர்ட் முதல்முதலாக அவர் வீட்டுக் கதவைத் தட்டினான். "இந்தப் பக்கம்தான் போறேன், ஏறு" என்றான். ஏன் வந்தான் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பாரம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தானோ என்னவோ. வெண்டலுக்கும் குறைந்தது, பொய் சொல்வானேன்.

*

"சரி, முத்து போட ஆரம்பிக்கலாம்" என்றாள் ட்ரூடி.

வெண்டல் எழுந்தார். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

"ஒரு நிமிஷம்மா."

"மிஸ்டர் ப்ரூயிட்! அடேயப்பா, நீங்க பேசப்போறீங்களா?" ட்ரூடி மைக்கோடு ஓடிவந்தாள். "யாரு பக்கம்?"

மைக் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. இத்தனை வருஷம் இதன் பக்கத்தில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தவர்.

"அந்த டேப் தப்பு" என்றார். குரல் கரகரவென்று வந்தது. "பந்தை விட்டது லீலண்ட் இல்ல. அவர் பெஞ்சுல கோட்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவர் ஜெர்சியை வேற ஒருத்தர் போட்டிருந்தாரு. நம்பரைப் பாத்துட்டு நான் தப்பான பேரைத் தட்டிட்டேன். கிளீட்டஸ் நான் காட்டினதைத்தான் சொன்னாரு. அன்னிக்கு ராத்திரியே எனக்குத் தெரியும். சொல்லல. பயம். வேற காரணம் இல்ல."

கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"இருங்க, இருங்க" என்றான் எல்மர். "அப்ப விட்டது யாரு?"

அதே கேள்வியை ட்ரூடியும் கண்ணால் கேட்டாள். மைக் அசையவில்லை. வெண்டலின் வலது கை மேஜைமேல் இருந்தது. சுட்டுவிரல், பழக்கதோஷம், தானாக நீண்டிருந்தது. அவர் அதை மடக்கிக்கொண்டார். ஒரு தடவை ஒருத்தன் பெயரைத் தட்டியது போதாதா? இந்தத் தடவை சம்பந்தப்பட்டவனே சொல்லட்டும். நாலடி தள்ளி, அதே மேஜையில், அறுபத்தாறு வயது மனுஷன் ஒருத்தன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சொல்லுடா. எழுந்திருடா. இவ்வளவு நாள் எனக்குப் பனி தள்ளினாயே, இதை ஒரு தடவை தள்ளிவிடுடா.

ரேடியோவில் பத்து விநாடி மௌனம் என்பது ரொம்ப நேரம். ட்ரூடி திணறிப்போனாள்.

நார்பர்ட் எழுந்தான். கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டான். வெண்டலை ஒரு பார்வை பார்த்தான். கோபமாக இருந்தால்கூடத் தேவலையே, அப்படி இல்லை, வெறும் களைத்த பார்வை. பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவன் போன வேகத்தைப் பார்த்தே பாதிப் பேருக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

"விளம்பரத்துக்குப் பிறகு சந்திப்போம்" என்றாள் ட்ரூடி.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஊர் அதிர்ந்துபோகும், யாராவது லீலண்டின் காலில் விழுவார்கள் என்றெல்லாம் வெண்டல் எத்தனையோ ராத்திரி கற்பனை செய்திருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேர் "அப்படியா சேதி!" என்றார்கள். தபால்காரர் மட்டும் வந்து லீலண்டின் கையைக் குலுக்கினார். எல்மர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிய்யா, கை சுத்தம்னே வச்சுக்குவோம். ஆனா மார்லனை நீங்க நேர்ல பாக்கணும்..." என்று ஆரம்பித்துவிட்டான். சோள முத்துகள் ஜாடிகளில் விழுந்தன. இன்றைக்கு டி.வி.யில் தெரிகிற பையனுக்குத்தான் ஜாடி நிரம்பியது. டெவின் பெயரைச் சொல்லிக் கூடம் ஆர்ப்பரித்தபோது லீலண்ட் டெவினின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

வெண்டல் பின்னாலேயே ஓடினார். எழுபத்தொன்றில் ஓட்டம் என்ன ஓட்டம், மூச்சு வாங்கியது. கார்கள் நிற்கிற இடத்தில் பிடித்துவிட்டார்.

"மிஸ்டர் டாகெட். நான்... மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் இல்ல."

லீலண்ட் கார்க் கதவில் கை வைத்தபடி திரும்பினார். நெருங்கிப் பார்த்தால் நிஜமாகவே சின்ன மனுஷன், வெண்டலின் நெஞ்சு உயரம்தான்.

"தட்டினவர் நீங்கதானா? இத்தனை வருஷம் கிளீட்டஸைத் திட்டிட்டு இருந்தேன்" என்றார். "பாவம், அந்தாளுக்கு எவ்வளவு விக்கல் எடுத்திருக்கும்."

வெண்டலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நார்பர்ட் எந்திரிப்பான்னு நினைச்சீங்களோ?"

"நினைச்சேன்."

"நானும்தான். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், வாசலுக்காக இல்ல." லீலண்ட் சாவியை உருட்டினார். "அப்ப அவனுக்கு இருபத்தோரு வயசு. பயந்துட்டான். எனக்கும் அதே இருபத்தோரு வயசுதான், அதை யாரும் யோசிக்கல."

"நீங்க யார்கிட்டயுமே சொல்லலையா?"

"ஒருத்தர்கிட்ட சொன்னேன். பயிற்சியாளர் சொல்லாதேன்னாரு, ஆனா அம்மா கணக்கு வேறதானே? அன்னிக்கு ராத்திரி நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போய், அம்மா, அது நான் இல்லேன்னேன். அவங்க ரேடியோவைக் கேட்டுட்டு உக்காந்திருந்தாங்க. என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, 'பந்தை விடுறது ஒரு குத்தமாடா கண்ணு? எத்தனையோ பேர் விடுறாங்க. ஆனா அதை இன்னொருத்தன் தலையில போடாத. உன்னை அப்படி நான் வளக்கல'ன்னாங்க."

வெண்டல் காரின்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கிளீட்டஸ் பொய் சொல்லுவாரான்னு கேட்டாங்க. அதோட விட்டுட்டேன். அப்புறம் பதினாலு வருஷம் இருந்தாங்க. ரொம்ப அன்பாத்தான் இருந்தாங்க. ஆனா அந்தப் பேச்சு வந்தா மட்டும் என் முகத்தைப் பாக்க மாட்டாங்க. பிள்ளை பொய் சொல்லிட்டான்னு நினைச்சுக்கிட்டேதான் போனாங்க." லீலண்ட் கார்க் கதவைத் திறந்தார். பிறகு மறுபக்கத்துக் கதவைக் காட்டினார். "ஏறுங்க."

"எங்க?"

"மேட்டுக் கல்லறைக்கு. எங்கிட்ட மன்னிப்பு கேட்டு எனக்கு என்ன ஆகப்போகுது? கேக்க வேண்டிய ஆள் அங்க இருக்காங்க."

*

மேட்டுக் கல்லறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. மேப்பிள் இலைகள் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. ஓப்பல் டாகெட் என்று பெயர் வெட்டின சின்னக் கல், வேலியோரமாக இருந்தது. லீலண்ட் குனிந்து கல்மேல் இருந்த இலைகளைத் துடைத்துவிட்டு, நாலு தப்படி பின்னால் போய் நின்றுகொண்டார்.

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. இந்த அம்மாளுக்குப் பழக்கமானது ஒரே ஒரு விதம்தான், ரேடியோ வர்ணனை என்று தோன்றியது. அதனால் அப்படியே சொன்னார்.

"டன்மோர் மைதானம். நாலாம் பகுதி. நாப்பது விநாடி மிச்சம். மழை. பதினெட்டாம் நம்பர் ஜெர்சி உள்ள வருது, அம்மா. ஆனா அதுக்குள்ள இருக்கிறது உங்க மகன் இல்ல, நார்பர்ட் ஹ்ருஸ்கா. பந்தை விட்டது நார்பர்ட். உங்க மகன் பெஞ்சுல இருந்தாரு. ராத்திரி வீட்டுக்கு வந்து அவர் சொன்னது நிஜம். ரேடியோ சொன்னதுதான் பொய். அந்தப் பொய் என்னோடது, வெண்டல் ப்ரூயிட்டோடது."

நார்பர்ட்டின் பெயரைச் சொன்னதும் வாசலில் குவியப்போகிற பனி அவர் கண்முன் வந்தது. இனி தள்ள ஆள் கிடையாது. "டேய்" என்று கூப்பிடவும் கிடையாது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பின்னால் காற்று மட்டும் அடித்தது. வெண்டல் திரும்பிப் பார்த்தபோது அந்தச் சின்ன மனுஷனின் முகம் முழுக்க நனைந்திருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார் லீலண்ட். "இன்னும் சத்தமா. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

வெண்டல் கல்லின் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.